மேல் ஹோஸ் சொன்ன சேதி: செகண்ட் ஹேண்ட் கார்களில் பார்த்தவை

ஆல்டோ_62ஆயிரம்:

2011 ஆல்டோ, 62,000 கி.மீ. ஓடியது. பாடி, கியர், கிளட்ச் எல்லாம் சுத்தம். மைலேஜ் மட்டும் ஊருக்குள் 12-ஐத் தாண்டவில்லை. 16 கொடுக்க வேண்டிய வண்டி. பிளக் மூன்றும் மாற்றி, ஏர் ஃபில்டர் மாற்றி, இன்ஜெக்டர் கிளீன் செய்து, கடைசியில் ஆக்சிஜன் சென்சாரும் புதிதாகப் போட்டாயிற்று. காசு கரைந்ததுதான் மிச்சம்.

விடை டேஷ்போர்டிலேயே இருந்தது. டெம்பரேச்சர் ஊசி கால்வாசிக்கு மேல் வரவே இல்லை. "பாருங்க சார், இன்ஜின் எவ்ளோ கூலா ஓடுது" என்று விற்றவர் அதையே பெருமையாகக் காட்டியிருந்தார்.

காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையில் பிடித்துப் பாருங்கள். தெர்மோஸ்டாட் வால்வு (இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைப்பது) சரியாக இருந்தால் முதல் சில நிமிடம் ஹோஸ் ஜில்லென்றே இருக்கும். பிறகு சட்டென்று கை வைக்க முடியாதபடி சுடும். இதில் முதல் நிமிடத்திலிருந்தே வெதுவெதுப்பு மெள்ள ஏறிக்கொண்டே போனது. ஹவுசிங் போல்ட் இரண்டையும் கழற்றினால் உள்ளே வால்வே இல்லை! அது உட்காரும் வட்டப் பள்ளத்தில் சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் மட்டும், தடவியவரின் விரல் தடத்தோடு காய்ந்து கிடந்தது.

இன்ஜின் 60 டிகிரியிலேயே நின்றால் அதன் கம்ப்யூட்டரான ஈசியூவைப் பொறுத்தவரை அது இன்னும் சூடேறாத இன்ஜின்தான். பெட்ரோலைக் கூடுதலாகவே தெளிக்கும். அதில் எரியாதது சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி ஒரு பசையும் ஒட்டியிருந்தது. அதுவும் இதன் வேலைதான். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகப் போகிற அளவுக்குச் சூடே ஏறுவதில்லை. சில நூறு ரூபாய் வால்வு. அதைப் பிடுங்கி எறிந்த புண்ணியவான் யாரோ.

கோவை_பட்டறை:

பிடுங்குனவன் பைத்தியக்காரன் இல்லைங்க. ரேடியேட்டருக்கு எல்லாரும் போர் தண்ணிதான் ஊத்துறாங்க. துருப்பிடிக்காம காக்குற கூலன்ட்டுக்குக் காசு கேட்டா மூஞ்சியச் சுளிக்கிறாங்க. உப்புத் தண்ணியில வால்வு ஸ்பிரிங்கு துருப்பிடிச்சு மூடுன வாக்குல சிக்கிக்கும். அப்ப ஊசி மேல போறதப் பார்த்து வண்டிய ஓரங்கட்டுறதுக்குள்ள ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற தகடு) காலி. அலுமினிய ஹெட்டு, வளைஞ்சுக்கும்; லேத்துல குடுத்து மட்டமா ஃபேஸ் அடிச்சு மாட்டோணும். அந்தச் செலவுக்குப் பயந்துதான் பழைய ஆளுக கழட்டி வீசுனாங்க.

புதுசு மாட்டுறதுன்னா வெறுமனே மாட்டாதீங்க. மொதல்ல கீழ் ஹோஸைக் கழட்டித் தண்ணிய எறக்குங்க. நல்ல தண்ணி ஊத்திப் பத்து நிமிசம் ஓடவிட்டு மறுபடி எறக்குங்க. செங்காமட்டித் தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் இதையேதான் செய்யோணும், மூணு தரமோ நாலு தரமோ. அப்புறம் கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. ஏற்கெனவே கலந்து வர்ற கேனா இருந்தா அதுல தண்ணி சேர்க்கக் கூடாது, லேபிளைப் படிங்க. ஊத்தி முடிச்சதும் ஹீட்டரை ஃபுல் ஹாட்ல வெச்சு, ரேடியேட்டர் மூடியத் திறந்தபடியே ஃபேன் ரெண்டு தடவ ஓடி நிக்கிற வரைக்கும் ஐடில்ல விடுங்க. நடுவுல மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டா குமிழி வெளிய வரும். காத்து உள்ள நின்னுபோச்சுன்னா வால்வு புதுசா இருந்தும் சூடாகும்.

இன்ஜின்_கணக்கு:

கோவை அண்ணன் சொன்ன காரணம் சரி, கழற்றியது சரியில்லை. துருப் பிடிக்கும் தண்ணீரை மாற்றாமல் வால்வைத் தூக்கி எறிந்தால் அதே துரு அடுத்து வாட்டர் பம்ப் சீலைத் தின்னும்.

முதல் பதிவுக்கும் ஒரு திருத்தம். மேல் ஹோஸ் சோதனை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் தண்ணீர் உள்ளே நுழையும் பக்கம், அதாவது கீழ் ஹோஸ் பக்கம், இருக்கும். அவற்றில் மேல் ஹோஸ் சீக்கிரமே சூடாவது இயல்பு. பார்க்க வேண்டியது கீழ் ஹோஸை. இது தெரியாமல் நல்ல வண்டியை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

"வால்வு இல்லாட்டி கூலா ஓடும்" என்பதும் பாதி உண்மை. அடியில் இரண்டாவது தட்டு உள்ள வால்வு வகை ஒன்று உண்டு. மேல் வாய் திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றினால் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். ஊருக்குள் குளிர்ந்து ஓடுகிற வண்டி, ஏசி போட்டு நாலு பேரோடு ஏற்காடு ஏறும்போது கொதிக்கும்.

புது வால்வையும் நம்பி நேராக மாட்ட வேண்டாம். அதன் உடம்பிலேயே 82 அல்லது 88 என்று திறக்கும் வெப்பம் அடித்திருக்கும். வாய்க்கு நடுவே ஒரு தையல் நூலைக் கவ்வ வைத்து, அந்த நூலிலேயே வால்வைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்க விடுங்கள். பாத்திரத்தின் அடியில் இடிக்கக் கூடாது. ஒரு தெர்மாமீட்டரையும் போட்டு அடுப்பைச் சிறியதாக வையுங்கள். வாய் திறக்கத் தொடங்கும் கணத்தில் நூல் நழுவி வால்வு 'டிங்' என்று அடியில் விழும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 82 என்று போட்டது 70-லேயே விழுந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

ஓபிடி_பிரியன்:

டெம்பரேச்சர் ஊசியே இல்லாத வண்டிகள்தான் இப்போது அதிகம். ஆறியிருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவே. வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் (பழுது பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) ஒரு புளூடூத் ஸ்கேனரைச் செருகினால் கூலன்ட் வெப்பம் மொபைலிலேயே தெரியும். ஓடிச் சூடான பிறகு 85-க்கும் 100-க்கும் இடையில் நிற்க வேண்டும்.

மறக்க முடியாதது வேறு. 2014 பெட்ரோல் ஹேட்ச்பேக், பளபளவென்று நிற்கிறது, செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. ஸ்கேனரில் ஒரு கோடும் (பழுதைக் குறிக்கும் எண்) இல்லை. ஆனால் "கோடு அழித்த பின் ஓடிய தூரம்" என்ற வரியில் 3 கி.மீ. என்று வந்தது. காட்டுவதற்குச் சற்று முன்தான் அழித்திருக்கலாம். பேட்டரி கழற்றி மாட்டினாலும் அது பூஜ்யமாகும் என்பது உண்மைதான். ரெடினஸ் பட்டியலில் (வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டுவது) புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் இரண்டும் 'முடியவில்லை' என்று காட்டினால், இன்னும் நாற்பது ஐம்பது கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி பார்க்கலாம் என்று கேளுங்கள். விற்பவர் எப்படி நெளிகிறார் என்பதே பாதி பதில். சாவியை ஆனில் வைத்ததும் செக் இன்ஜின் விளக்கு ஒரு முறை எரிகிறதா என்றும் பாருங்கள். எரியாவிட்டால் பல்பை யாரோ கழற்றியிருக்கலாம்.

பெல்ட்டை_இழு:

2012 செடான், சென்னைப் பதிவு. உள்ளே பெர்ஃப்யூம் வாசனை தூக்கலாக இருந்தது. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவினால், கடைசி ஒரு சாண் நீளத்துக்கு டீக்கறை மாதிரி ஒரு கோடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி. சீட் தண்டவாள போல்ட் துரு, ஸ்டெப்னி பள்ளத்தில் வண்டல், டேஷ்போர்டுக்கு அடியில் கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு. அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் பேப்பர் வேலையைச் சொல்லிவிடுகிறேன். விற்கிறவர்கள் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆர்.சி. பெயர் மாறும்வரை கேமரா அபராதம், விபத்து வழக்கு எல்லாம் பழைய பெயருக்கே வரும். ஒரே மாநிலம் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலம் என்றால் படிவம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும். லோன் முடிந்திருந்தாலும் வங்கிக் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் இருக்கும் அடமானக் குறிப்பை நீக்கினால்தான் பெயர் மாறும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கு கிளெய்ம் கிடைப்பது கஷ்டம். நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அது பழைய ஓனருடையது. "50 சதவீதம் போனஸ் இருக்கு" என்று சொல்லி விலையை ஏற்றினால் ஏமாறாதீர்கள். பழைய ஃபாஸ்டேக்கைக் கழற்றச் சொல்லி உங்கள் பெயரில் புதிது ஒட்டுங்கள். அப்புறம் 2011 ஆல்டோக்காரருக்கு: 15 வருடக் கணக்கில் 2026-ல் ஆர்.சி. காலம் முடிகிறது. புதுப்பிக்க படிவம் 25, வண்டியை நேரில் காட்ட வேண்டும், கிடைப்பது 5 வருடம்.

ஆல்டோ_62ஆயிரம்:

வெள்ளம், ஆர்.டி.ஓ. என்று திரி எங்கேயோ போய்விட்டது. வால்வு மாட்டியாயிற்று. நூல் சோதனையில் 83-ல் விழுந்தது. மூன்று முறை ஃப்ளஷ் செய்தும் கொஞ்சம் துரு வந்தது, நான்காவதில் தெளிந்தது. ஊசி இப்போது பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. டேங்க் டு டேங்க் கணக்கில் மைலேஜ் 15.4. ஆனால் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் ஊசி ஒரு தடவை முக்கால்வாசிக்குப் போய், சட்டென்று இறங்குகிறது. பிறகு நாள் முழுக்க ஒழுங்காக இருக்கிறது.

கோவை_பட்டறை:

வால்வோட விளிம்புல ஒரு சின்ன ஓட்டை, அதுல ஆடுற ஊசி ஒண்ணு இருக்குமே, அதை மேல் பக்கம் பார்த்தா வெச்சீங்க? அந்த வழியாத்தான் காத்து தப்பிக்கோணும். கீழ இருந்தா வால்வுக்குப் பின்னால காத்து நின்னு, திறக்கவே லேட்டாகும்.

ஆல்டோ_62ஆயிரம்:

கீழே பார்த்து இருக்கிறது. இப்போதுதான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூலன்ட்டை இறக்க சுத்தமான வாளி தேடிக்கொண்டிருக்கிறேன்.