ஃபோல்டரைப் பூட்டியும் அடுத்த ஷிப்ட்காரர் திறந்துவிட்டார்: எந்த என்கிரிப்ஷன் போடுவது?

கணக்குப்பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். சம்பளப் பட்டியல், ஊழியர்களின் அடையாள அட்டை ஸ்கேன், ஒப்பந்தங்கள் என்று வெளியே போகக்கூடாத கோப்புகள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் பொறுப்பில் இருக்கின்றன. விண்டோஸ் 11 ப்ரோ. ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ், அட்வான்ஸ்டு வரை போய் என்கிரிப்ட் என்பதில் டிக் போட்டேன். ஐகான் மேல் சின்னப் பூட்டும் வந்தது. மறுநாள் அடுத்த ஷிப்ட்காரர் அதைத் திறந்து பிரிண்டே எடுத்திருக்கிறார், பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லையாம்! அந்தப் பூட்டு என்ன அழகுக்கா? பிட்லாக்கர், வெராகிரிப்ட், செவன்ஜிப் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைப் போடட்டும்?

பூட்டுக்காரர்:
நீங்களும் அவரும் ஒரே லாகினா?

கணக்குப்பிள்ளை:
ஆமாம். பாஸ்வேர்டை மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. சிரிக்காதீர்கள்.

பூட்டுக்காரர்:
சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நீங்கள் போட்டது ஈஎஃப்எஸ், விண்டோஸ் 2000 காலத்துச் சரக்கு. அதற்குத் தனி பாஸ்வேர்டு கிடையாது. சாவி யூசர் அக்கவுண்டோடு சேர்ந்தே இருக்கும். அந்த அக்கவுண்டில் யார் உட்கார்ந்தாலும் கோப்பு தானாகத் திறக்கும். உங்கள் முகமோ அவர் முகமோ விண்டோஸுக்குத் தெரியாது.

முழு டிஸ்க்கையும் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தாலும் இதே கதைதான். லேப்டாப் தொலைந்தாலும், டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலும் அது காப்பாற்றும். லாகின் ஆன பிறகு டிஸ்க்கில் இருப்பது எல்லாம் திறந்த வீடு. அதனால் எந்த சாஃப்ட்வேர் என்பதை அப்புறம் பார்க்கலாம். யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்? திருடனிடமிருந்தா, பக்கத்து சீட்டிலிருந்தா, மெயில் போகும் வழியிலா? மூன்றுக்கும் பூட்டு வேறு.

இரவு ஷிப்ட்:
ஈஎஃப்எஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய வேலையிடத்தில் பாஸ்வேர்டை மறந்துவிட்டேன். அட்மின் ரிசெட் செய்து கொடுத்தார், உள்ளே போனேன், ஃபோல்டர் திறக்கவே இல்லை. லோக்கல் அக்கவுண்டின் பாஸ்வேர்டை வெளியிலிருந்து ரிசெட் செய்தால் அந்தச் சாவி போய்விடும். சாவி அடங்கிய சர்ட்டிஃபிகேட்டை எக்ஸ்போர்ட் செய்து தனியாக வைத்திருந்தால் தப்பியிருப்பேன். இரண்டு வருட வேலை போச்சு. 😞

சந்தேகப்பிராணி:
கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் செவன்ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டு வைத்தால் போதாதா? அதுவும் ஏஇஎஸ் 256 என்ற பலமான பூட்டு முறைதானே?

பூட்டுக்காரர்:
வெளியே ஒருவருக்கு அனுப்ப அது நல்ல வழி. செவன்-இசட் ஃபார்மட்டையே எடுங்கள், கோப்புப் பெயர்களையும் மறைக்கும் டிக்கைப் போடுங்கள். இல்லையென்றால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாவிட்டாலும் 'பணிநீக்கப் பட்டியல்' என்ற பெயர் பளிச்சென்று தெரியும்! ஜிப் ஃபார்மட்டில் ஜிப்கிரிப்டோ என்ற பழைய முறை வந்து நிற்கும். அதை உடைக்கும் வழி 1994லேயே வெளியாகிவிட்டது. பாஸ்வேர்டை அதே மெயிலில் அனுப்பாதீர்கள், போனில் சொல்லுங்கள்.

தினசரி வேலைக்கு அது சரிவராது. உள்ளிருக்கும் கோப்பை டபுள் கிளிக் செய்தால் டெம்ப் ஃபோல்டரில் பூட்டில்லாத பிரதி ஒன்று உருவாகும். கம்ப்யூட்டர் நடுவில் ஹேங் ஆனால் அது அங்கேயே கிடக்கும்.

தினமும் திறந்து மூட வெராகிரிப்ட் கன்டெய்னர் வசதி; பல கோப்புகளை உள்ளே வைத்துப் பூட்டும் ஒரே பெரிய கோப்பு அது. பாஸ்வேர்டு கொடுத்தால் தனி டிரைவ் மாதிரி வரும், டிஸ்மவுண்ட் செய்தால், அதாவது மூடிவிட்டால், மறையும். ஸ்கிரீன் லாக் ஆனதும் தானே மூடிக்கொள்ளும்படி செட்டிங்ஸில் போடலாம். அதை இன்ஸ்டால் செய்ய அட்மின் அனுமதி வேண்டும். வேண்டாவிட்டாலும் ஆபீஸ் மெஷினில் ஐடி ஆட்களைக் கேட்காமல் போடாதீர்கள். நீங்கள் லீவில் இருக்கும்போது சம்பளம் போட முடியாமல் நின்றால் பழி உங்கள் தலையில்தான்.

மேகக்கூட்டம்:
கன்டெய்னரை கிளவுடுக்குத் தானே பிரதி போகும் சிங்க் ஃபோல்டரில் வைப்பவர்களுக்கு: உள்ளே எவ்வளவு மாற்றினாலும் கன்டெய்னர் கோப்பின் தேதியை வெராகிரிப்ட் மாற்றாமல் வைத்திருக்கும், அதுதான் டிஃபால்ட். சிங்க் சாஃப்ட்வேர் எதுவும் மாறவில்லை என்று நினைத்து விட்டுவிடலாம். கிளவுடுக்கு ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பூட்டும் கிரிப்டோமேட்டர் என்ற சாஃப்ட்வேர் பொருத்தம்.

கணக்குப்பிள்ளை:
ஐடி பிரிவில் பேசிவிட்டேன். ஆளுக்கொரு லாகின் கொடுத்துவிட்டார்கள். சம்பள ஃபோல்டர் கன்டெய்னருக்குப் போகிறது. பாஸ்வேர்டு உறையில் போட்டு மேலாளரின் அலமாரியில். டிஸ்க்குக்கு பிட்லாக்கரும் போடச் சொன்னார்கள். ஒரே ஒரு சந்தேகம்: பூட்டில்லாமல் கிடந்த பழைய கோப்புகளை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிட்டேன். போதுமா?

பூட்டுக்காரர்:
போதாது. எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்) அழித்தது எப்போது உண்மையில் போகும் என்பது உங்கள் கையில் இல்லை; மேலெழுதினாலும் அது வேறு இடத்தில் எழுதும். பிட்லாக்கர் தொடங்கும்போது 'பயன்படுத்திய இடம் மட்டும்' என்றும் 'முழு டிரைவ்' என்றும் கேட்கும். இரண்டாவதை எடுங்கள், நேரம் ஆனாலும் பரவாயில்லை. முதலாவதில் காலியிடம் பூட்டப்படாது, அழித்த கோப்பின் மிச்சம் அங்கேதான் இருக்கும். பிட்லாக்கர் தரும் 48 இலக்க ரெகவரி கீயை, அதாவது அவசரத்துக்கான மாற்றுச் சாவியை, அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள். கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கும் பயாஸ் அப்டேட் ஆன மறுநாள் காலை திடீரென்று அதைக் கேட்டு நிற்கும்.

கணக்குப்பிள்ளை:
நல்லவேளை, இன்னும் தொடங்கவில்லை. முதலாவதுக்குத்தான் கை போயிருக்கும். மானிட்டர் சீட்டையும் கிழித்தாச்சு. மிக்க நன்றி.