நாவலில் நிஜப் பிரபலங்களை நுழைத்தால் லாயர் லெட்டர் வருமா?

பால்காட்டுப் பெண்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும் குடும்பம். ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். சொந்தக் காசில் 300 பிரதி அடித்து, மின்னூலாகவும் போட எண்ணம். கதை நடப்பது 90களின் கடைசியில், பால்மரத்தை, அதாவது ரப்பரை, வெட்டித் தள்ளிவிட்டு செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம்.

கதையில் நிஜ மனிதர்கள் மூன்று பேர் வருகிறார்கள். முதலாவது எம்.ஜி.ஆர். பாட்டி சுவரில் மாட்டியிருக்கும் படத்தோடு தினமும் பேசுவார், அவரும் பதில் சொல்வார். இரண்டாவது, இன்றும் நடித்துக்கொண்டிருக்கும் ஒரு சென்னை நடிகர், சொந்தப் பெயரிலேயே. கலைநிகழ்ச்சிக்குக் கோலாலம்பூர் வந்தவர் ஹோட்டலில் குடித்துவிட்டு டிரைவரை அறைகிறார். அது நான் கற்பனையில் கட்டியது. மூன்றாவது, நம் வட்டாரத்திலிருந்து போய் வானொலி அறிவிப்பாளராகிப் பாட்டுக்காரராகவும் ஆன ஒருவர். தோட்டத்துக் கோயில் திருவிழா வசூலைச் சுருட்டிக்கொண்டு போகிறார். அவருக்குப் பெயரை மட்டும் மாற்றிவிட்டேன். தங்க பிரேம் கண்ணாடி, வெள்ளை மெர்சிடிஸ், நிகழ்ச்சியை முடிக்கும்போது அவர் சொல்லும் அந்த வாசகம் எல்லாம் அப்படியே இருக்கிறது.

பெயர் மாற்றியவர் விஷயத்தில் எனக்குப் பயமில்லை. நடிகர்தான் உறுத்துகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாமான் தம்பி:
அக்கா, முதல் பக்கத்துல 'இக்கதையில் வரும் யாவும் கற்பனையே'ன்னு ஒரு வரி போட்டுடுங்க. எல்லாப் படத்துலயும் போடுறாங்கதானே. 300 புத்தகத்துக்கு யாரு மெனக்கெட்டு கேஸ் போடப் போறாங்க? பயமா இருந்தா புனைபெயர்ல போடுங்க.

ஓய்வுபெற்ற கிராணி:
நான் லாயர் இல்லை. ஈப்போவில் ஒரு லாயர் ஆபீசில் கிராணியாகவே (குமாஸ்தாவாகவே) தலை நரைத்தவன். அவதூறு வழக்குக் கட்டுகளை டைப் அடித்தும் கட்டியும் கோர்ட்டுக்குச் சுமந்தும் பார்த்த அளவில் சொல்கிறேன். நடிகரைக் கண்டு பயப்படுகிறீர்கள், வானொலிக்காரரைக் கண்டு பயமில்லை என்கிறீர்கள். எனக்கு நேர்மாறாகப் படுகிறது.

அவதூறில் முதல் கேள்வி பெயர் என்ன என்பதில்லை. படிக்கிற நாலு பேருக்கு இது இன்னார் என்று தெரிகிறதா என்பதுதான். கண்ணாடி, கார், முடிக்கும் வாசகம், எந்த ஊர்க்காரர் என்று இங்கேயே எழுதிவிட்டீர்கள். இதைப் படித்தவர்களில் பாதிப் பேர் இந்நேரம் ஆளைக் கண்டுபிடித்திருப்பார்கள். முதலில் அந்த வரிகளை எடுத்துவிடுங்கள் அம்மா.

தம்பி சொன்ன 'யாவும் கற்பனை' வரிக்கு ஒரு கதை உண்டு. ரஷ்ய அரச குடும்பத்தோடு ஒட்டியிருந்த சாமியார் ரஸ்புட்டினைப் பற்றி ஹாலிவுட்டில் ஒரு படம் எடுத்தார்கள். அதில் வேறு பெயரில் ஓர் இளவரசி, ரஸ்புட்டினால் கெடுக்கப்பட்டவளாக. நிஜ இளவரசி யூசுப்போவ் லண்டனில் வழக்குப் போட்டு 1934இல் 25,000 பவுன் வாங்கினார். பெயர் மாறியிருந்தது அந்தக் கம்பெனியைக் காப்பாற்றவில்லை. அந்த அடி விழுந்த பிறகுதான் படங்களில் அந்த வரி பரவியது. போட்டால் நஷ்டமில்லை. ஆனால் ஆள் அப்பட்டமாகத் தெரியும்போது அதை வைத்துத் தப்ப முடியாது.

இன்னொரு வழக்கு, நாங்கள் ஆபீசில் அடிக்கடி பேசிக்கொள்வது. 1908இல் ஓர் ஆங்கிலேயப் பத்திரிகை ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ் என்று ஒரு ஆளைக் கற்பனை செய்து, தேவாலய நிர்வாகியான அவர் பிரான்சுக்குப் போய் மனைவியல்லாத பெண்ணோடு சுற்றுகிறார் என்று எழுதியது. அதே பெயரில் நிஜமாகவே ஒரு வழக்கறிஞர் இருந்தார். 1,750 பவுன் தீர்ப்பு, அன்று அங்கே கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போயும் நின்றது. எழுதியவர் மனதில் யாரை நினைத்தார் என்பது அங்கே எடுபடவில்லை.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் இருக்கிறது, அதோடு பழைய ஆங்கிலேயத் தீர்ப்புகளும் செல்லும். எழுத்தில் வந்த அவதூறுக்கு, இவ்வளவு நஷ்டம் என்று வழக்குப் போடுபவர் ரசீது காட்ட வேண்டியதில்லை. வழக்குப் போட வெளியான நாளிலிருந்து 6 வருடம் அவகாசம் உண்டு. மறுபதிப்புப் போட்டால் அது புதுக் கணக்கு. தண்டனைச் சட்டம் 499, 500ஆம் பிரிவுகள் வேறு, 2 வருடம் வரை சிறை. மின்னூல், பேஸ்புக்கில் போடும் பகுதி எல்லாம் தகவல் தொடர்பு பல்லூடகச் சட்டம் 233ஆம் பிரிவுக்குள் இழுக்கப்படலாம். 2025இல் அதற்கு அபராத உச்சவரம்பை 5 லட்சம் வெள்ளியாக (ரிங்கிட்) ஏற்றிவிட்டார்கள். புனைபெயர் யோசனையும் வேண்டாம். சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 114A பிரிவுப்படி, பக்கமோ கணக்கோ யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் வெளியிட்டவர் என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

நடிகருக்கு வருகிறேன். அவர் வந்தார், பாடினார், தோட்டத்துச் சனம் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தது என்றால் ஒன்றுமில்லை. ஒட்டுக்கடைச் சுவரில் அவர் படம், பொடியன்கள் தலையில் அவர் கிராப்பு, தாராளமாக எழுதுங்கள். குடித்தார், அறைந்தார் என்பதுதான் வம்பு. அந்த அறை கதைக்கு வேண்டுமானால் கற்பனை நடிகர் ஒருவரை விட்டு அறைய விடுங்கள். இந்தியாவில் இப்போது பிரபலங்கள் பெயருக்கும் முகத்துக்குமே உரிமை கேட்கிறார்கள். ரஜினிகாந்த் சம்மதமில்லாமல் அவர் பெயரையும் பாணியையும் ஓர் இந்திப் படம் பயன்படுத்த 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அமிதாப் பச்சனுக்கு டில்லியில் 2022இல் இடைக்கால உத்தரவு கிடைத்தது. நம்மிடம் அப்படித் தனிச்சட்டம் இல்லை. ஆனால் மின்னூல் அங்கேயும் விற்கும்.

எம்.ஜி.ஆரைப் பாட்டியோடு பேச விடுங்கள். 1987இல் போனவர், இறந்தவர் சார்பில் சிவில் அவதூறு வழக்கு கிடையாது. தண்டனைச் சட்டம் 499இல் மட்டும், குடும்பத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவரை இழிவுபடுத்தினால் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. உங்கள் பாட்டி அப்படியெல்லாம் பேசுகிறவராகத் தெரியவில்லை.

அச்சாபீஸ்காரன்:
அச்சடிப்பவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. 1984 அச்சகச் சட்டப்படி புத்தகத்தில் என் பெயரும் முகவரியும் போட்டாக வேண்டும். வழக்கு என்று வந்தால் என்னையும் சேர்த்துத்தான் இழுப்பார்கள். அதனால் இப்படிப்பட்ட கையெழுத்துப் பிரதி வந்தால் நான் முன்பணம் வாங்க மாட்டேன். அட்டையில் நடிகர் படம் போடச் சொல்லிக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். எடுத்த போட்டோகிராபரிடம் எழுத்தில் அனுமதி இருக்கிறதா என்று கேட்டால் கூகுளில் எடுத்தேன் என்கிறார்கள்.

பால்காட்டுப் பெண்:
நன்றி ஐயா. அடையாள வரிகளை இங்கிருந்து எடுக்கத் தள நிர்வாகிக்கு எழுதிவிட்டேன். நடிகரின் பெயரையும் மாற்றிவிடுகிறேன், அதில் வருத்தமில்லை. ஆனால் திருவிழா வசூல் நடந்த கதை ஐயா. எங்கள் தோட்டமே பேசும். உண்மையை எழுதினால் அவதூறு ஆகாது என்கிறார்களே?

ஓய்வுபெற்ற கிராணி:
ஆகாதுதான், கோர்ட்டில் நிரூபித்தால். நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில். தோட்டமே பேசும் என்கிறீர்கள், கூண்டில் ஏறி யார் பேசுவார்? அன்றைய கோயில் தலைவர் உயிரோடு இருக்கிறாரா? வசூல் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது? போலீஸ் ரிப்போர்ட் போட்டார்களா? தோட்டம் மூடி, சனம் நாலு திசைக்கும் போனபிறகு சாட்சி தேடுவது லேசில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. நாவல் என்பதால் அவர் பணத்தை எண்ணும் காட்சி, மனைவியிடம் சொல்லும் பேச்சு எல்லாம் நீங்கள் சேர்த்திருப்பீர்கள். அவையெல்லாம் உண்மை என்று எப்படிக் காட்டுவீர்கள்? இது கட்டியது என்று நீங்களே ஒப்புக்கொண்டால் உண்மை என்ற வாதம் ஆட்டம் கண்டுவிடும்.

கையில் ஆதாரம் இருந்தால் கட்டுரையாக எழுதுங்கள், அதையும் லாயரிடம் காட்டிவிட்டு. நாவலுக்கு வேண்டியது வசூலைத் தொலைத்த தோட்டத்தின் வயிற்றெரிச்சல்தானே? அதற்கு வானொலி எதற்கு? தொழிலை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், அந்த வாசகத்தை அடியோடு தூக்குங்கள். கண்ணாடியை மட்டும் கழற்றி வைத்தால் போதாது. காசு இல்லையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

பால்காட்டுப் பெண்:
அவரைத் துணிக்கடை முதலாளியம்மா ஆக்கிவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. திருவிழாவுக்குப் பட்டு எடுக்கிறேன் என்று முன்பணம் வாங்கிவிட்டுக் காணாமல் போகிறவர். அந்த அத்தியாயம் முழுக்கத் திருப்பி எழுத வேண்டும், பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. பாட்டி முணுமுணுக்கும் சினிமாப் பாட்டு வரிகள் நாலைந்து இடத்தில் இருக்கின்றன.

ஓய்வுபெற்ற கிராணி:
முதலாளியம்மா நல்ல யோசனை. சுங்கை சிப்புட்டில் நிஜமாக அப்படி ஒரு துணிக்கடை இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாட்டு வரி பதிப்புரிமை விவகாரம். நம் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியவர் இறந்து 50 வருடம். பட்டுக்கோட்டையார் 1959இல் இறந்தார், அவர் வரிகளுக்கு இங்கே 2009 முடிவோடு தீர்ந்தது. கண்ணதாசன் 1981, ஆகவே 2031 முடியும் வரை பொறுக்க வேண்டும். இந்தியாவில் 60 வருடம் என்பதால் அங்கே இன்னும் நீளும். பாட்டி முணுமுணுத்தார் என்று எழுதிவிட்டு வரியை விட்டுவிடுங்கள். எந்தப் பாட்டு என்று நம் சனத்துக்குத் தானே தெரியும்.