எஸ்டேட் லைனில் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ்: சபையார் அல்லாத வீடுகளில் எப்படிப் பாடுவது, என்ன கொடுப்பது?

தூறல்_கோத்தகிரி (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். எங்கள் வாலிபர் குழுவில் 12 பேர், அதில் 4 பேர் சின்னப் பிள்ளைகள். லைனில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில்) 40 வீடு, சபையார் 9 வீடுதான். இந்த வருஷம் நம் வீடுகளோடு நிறுத்தாமல் எல்லா வாசலிலும் பாட ஆசை. டிசம்பர் 22, 23 சாயங்காலம், நாளைக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். கிடார், டோலக், ஸ்பீக்கர் பெட்டி ஒன்று உண்டு. "மதம் மாத்த வந்துட்டாங்க" என்ற பேச்சும் வரக்கூடாது, வெறும் பாட்டுக் கச்சேரியாகவும் போய்விடக்கூடாது. வீட்டுக்குக் கால் கிலோ கேக்கும் ஒரு கைப்பிரதியும் ஒரே கவரில் போட்டுக் கொடுக்கலாமா?

லைன்வாசல்

முதலில் கணக்கைப் பாருங்கள் பிரதர். வீட்டுக்கு 7 நிமிஷம் என்றால் 40 வீட்டுக்கு 280 நிமிஷம். உங்களிடம் இருப்பதே 240, அதில் நடையும் சேர்த்தி. கடைசிப் பத்து வீட்டில் ஓட்டமும் நடையுமாக ஒரு சரணம் பாடிவிட்டு ஓடுவீர்கள், அந்த வீட்டார் அதைத்தான் நினைவில் வைப்பார்கள். வீடு வீடாகப் போகாமல் வரிசை வரிசையாகப் போங்கள். எட்டு வீட்டுக்கு ஒரு பொது முற்றம் என்று வைத்தால் ஐந்து நிறுத்தம். நிறுத்தத்துக்கு 15 நிமிஷம்: இரண்டு பாட்டு, லூக்கா 2-ம் அதிகாரத்தில் 8 முதல் 14 வரை வாசிப்பு, இன்னொரு பாட்டு, வாழ்த்து. 75 நிமிஷத்தில் பாட்டு முடியும், நடையோடு சேர்த்தாலும் 22-ம் தேதியே எல்லாம் முடிந்துவிடும். ஜெபம் வேண்டும் என்று அவர்களே கேட்டால் மட்டும் அந்த வீட்டுக்குள் போங்கள்.

23-ம் தேதியைக் காலியாக விடுங்கள். முந்தின நாள் "வந்து டீ குடிச்சுட்டுப் போங்க" என்று நாலு வீட்டிலாவது சொல்வார்கள். அங்கே இரண்டு இரண்டு பேராகப் போய் உட்காருங்கள். நட்சத்திரம் எதுக்கு, மாட்டுக்கொட்டகை எதுக்கு என்று அவர்களே கேட்பார்கள். விசுவாசத்தைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான், முற்றம் அல்ல.

கவர் வேண்டவே வேண்டாம். பலகாரம் கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு பிறப்பதே அந்தக் கவரில்தான். பலகாரத்தைப் பலகாரமாகக் கொடுங்கள். கைப்பிரதி பையிலேயே இருக்கட்டும், கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்தால் போதும்.

எஸ்டேட் மேனேஜரிடம் ஒரு வாரம் முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், லைன் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை. ஸ்பீக்கர் வைத்தால் போலீஸ் அனுமதி தேவை, இரவு 10-க்கு மேல் கூடவே கூடாது. 12 குரலுக்கு அது எதற்கு? காலையில் பச்சைத் தேயிலை பறிக்கப் போகிறவர்கள் எட்டரைக்கே படுக்கப் பார்ப்பார்கள். ஆறரைக்குத் தொடங்குங்கள்.

கேத்தி_சுதி

வாத்தியம் பற்றி மட்டும் சொல்கிறேன். பனியில் டோலக் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துபோகும், தட்டினால் மரப்பெட்டி மாதிரி 'பொத் பொத்' என்று கேட்கும். கணப்புச் சட்டியிலிருந்து இரண்டடி தள்ளிப் பிடித்து, திருப்பித் திருப்பிச் சூடு காட்டிவிட்டு இறுக்குங்கள். நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் தோல் வெடித்துவிடும். வீடு திரும்பியதும் மறக்காமல் தளர்த்துங்கள், இறுக்கிய தோல் உலரும்போதுதான் கிழியும்.

கிடார் இதற்கு நேர் எதிர். குளிரில் கம்பி சுருங்கிச் சுதி ஏறும். வீட்டுக்குள் சுதி சேர்த்துவிட்டு வெளியே போய்ப் பாடினால் பிசகும். கால் மணி நேரம் வெளியே வைத்து, பாடப்போகும் இடத்திலேயே சேருங்கள். குளிரில் குரல் மேலே எழும்பாது, ஞாயிற்றுக்கிழமை பாடும் சுருதியில் ஒரு படி இறக்குங்கள். சுக்குக் காபி ஆளுக்கு 100 மில்லி இரண்டு தடவை என்றால் இரண்டரை லிட்டர் பிளாஸ்க்கில் வேண்டும்.

இன்னொன்று: தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதை இருட்டிய பிறகு வேண்டாம், தார் ரோட்டில் போங்கள். காட்டுமாடு நின்றால் டோலக் அடித்து விரட்டாதீர்கள். சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். பிள்ளைகள் நடுவில்.

அச்சுமுறுக்கு_அத்தை

தம்பி, கேக்கை மாற்று. டிசம்பரில் பாதி லைன் மாலை போட்டிருக்கும், மார்கழி விரதமும் சேர்ந்துவிடும். முட்டை போட்ட கேக்கை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் திண்டாடுவார்கள். முட்டை இல்லாத அச்சு முறுக்கு செய். பச்சரிசி மாவு 800 கிராம், மைதா 200, பொடித்த சர்க்கரை 300, கெட்டித் தேங்காய்ப்பால் ஏறக்குறைய ஒரு லிட்டர், உப்பு, கறுப்பு எள். அச்சின் அளவைப் பொறுத்து 90, 100 வரும். வீட்டுக்கு 6 என்றால் இரண்டரைப் பங்கு செய்யணும்.

நம்ம ஊர்க் குளிரில் தேங்காய்ப்பால் மேலே கொழுப்பு கட்டி நிற்கும். கை பொறுக்கும் சூட்டில் வைத்துக் கலக்கு, இல்லையென்றால் மாவு திரிதிரியாகும். அச்சை எண்ணெயிலேயே காயவிட்டு, மாவில் முக்கால் அளவு மட்டும் முக்கு. மேல் விளிம்பை மாவு மூடினால் முறுக்கு கழலாது. அச்சு காயாமல் இருந்தால் மாவே ஒட்டாது. சர்க்கரையைக் கூட்டினால் சிவந்து நமத்துப்போகும்.

நன்றாக ஆறினதும் தகர டின்னில் அடைத்துக் கொண்டுபோ. பிளாஸ்டிக் கவர் இங்கே தடை, பேப்பர் கவரோ பனியில் நனையும். உன் வீட்டு எவர்சில்வர் தட்டிலேயே வைத்துக் கொடுத்துவிட்டு வா. வெறும் தட்டை யாரும் திருப்ப மாட்டார்கள், பொங்கலுக்குள் ஏதாவது வைத்துக்கொண்டு உன் வாசலுக்கு வருவார்கள்.

தூறல்_கோத்தகிரி

அத்தை, தட்டு யோசனை அருமை. பக்கத்து ஹட்டிக்கும் (படுகர் ஊருக்கும்) போகலாமா? கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் வைக்கலாமா?

பூம்பாறை_நட்சத்திரம்

ஹட்டிக்கு அழைப்பு வந்தால் மட்டும் போங்கள். படுகர்களின் எத்தையம்மன் பண்டிகையும் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் வரும், தேதி கேட்டுக்கொள்ளுங்கள். தாத்தா சரி, முகமூடி வேண்டாம். இருட்டில் குழந்தை அலறும், நாய் விடாது.

வாசிக்கிறவர் ஒத்திகை பார்க்கட்டும். பழைய மொழிபெயர்ப்பில் லூக்கா 2-ன் 12-ம் வசனத்தில் வரும் 'முன்னணை' வெளியாருக்குப் புரியாது, பொது மொழிபெயர்ப்பில் 'தீவனத் தொட்டி' என்றே இருக்கிறது. அதையே எடுங்கள்.

முந்தின ஞாயிறு லைன் பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்து நட்சத்திரம் கட்டுங்கள். மத்தேயு 2-ல் வரும் சாஸ்திரிகள் கதையைக் கை வேலையோடு சொன்னால் காதில் ஏறும். 3 அடி மூங்கில் பிளாச்சு 10. ஐந்தைந்தாக இரண்டு நட்சத்திரம் கட்டி, முனைகளைச் சேர்த்து முடிந்து, உள்ளே பிளாச்சுகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடத்திலும் முக்கால் அடிக் குச்சி கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும். கலர் தாள் ஒரே ராத்திரிப் பனியில் ஊறிக் கிழியும், பழைய வெள்ளை வேட்டியை இழுத்துத் தையுங்கள். 5 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு போதும். ஹோல்டரை வாய் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள், மேலே பார்த்தால் தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆகும்.