சிரசு அன்றைக்குப் பாப்பாவுக்கு என்ன கட்டுவது?

குழு: வேலப்பாடி வீடு

கவிதா (காலை 6:52): எல்லாரும் ஒரு நிமிஷம் பாருங்கள். பாப்பாவுக்குத் தொடை மறுபடியும் சிவந்துவிட்டது. கடை டயப்பரின் எலாஸ்டிக் படுகிற கோடு அப்படியே தெரிகிறது. டாக்டர் ஜிங்க் கிரீம் எழுதிக் கொடுத்து, முடிந்தவரை காற்றாட விடச் சொன்னார். வீட்டில் வெறும் துணிதான் போடுகிறேன். ஆனால் வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தம் போகணுமே, கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு. அம்மன் தலை ஊர்வலம் வருகிற நாள். வண்டியில், சிரசுக் கூட்டத்தில் என்ன செய்வது? துணி கட்டி மேலே ஈரம் கசியாத ஜட்டிக் கவர் போடலாம் என்று இருக்கிறேன். எந்தக் கவர் வாங்கலாம்?

மாலதி பெரியம்மா: பாப்பா இல்லாமல் சிரசா? கட்டாயம் கூட்டிக்கொண்டு வா

பாலு சித்தப்பா: வண்டி எத்தனை மணிக்கு

வசந்தா அத்தை: சிவப்பு மேலே மட்டும் இருக்கா, மடிப்புக்குள்ளேயும் போயிருக்கா? சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளி?

கவிதா: மேலேதான் அத்தை. புள்ளி இல்லை

வசந்தா அத்தை: அப்போ ஈரத்தாலும் உரசலாலும் வந்தது. மடிப்புக்குள் போய்ப் புள்ளி கிளம்பினால் அது பூஞ்சை, அதற்கு மருந்து வேறு. அப்படி ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்காதே, உடனே காட்டிவிடு.

சுமதி அண்ணி: ஆயா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்கிறது. பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்து அரைஞாணில் செருகினால் போதுமாம். கவர் கிவர் வேணாமாம்.

கவிதா: வீட்டில் அதுதான் அண்ணி. வண்டியில் ஆயா மடியில்தானே பாப்பா வரும், கேளுங்கள்

சுமதி அண்ணி: புடவை நனைந்தால் நனையட்டும் என்கிறது

பாலு சித்தப்பா: அம்மா பட்டுப்புடவை கட்டாமல் வந்தால் சரி

தீபா (டொரன்டோ): கவி, கம்பளிக் கவர் பார். என் பையனுக்கு ரெண்டு வருஷமும் அதுதான். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரம் வாங்கினாலும் தொட்டால் நனைந்த மாதிரியே தெரியாது. காற்று நன்றாகப் போகும். ஆட்டு ரோமத்தில் இருக்கிற கொழுப்பை வெந்நீரில் கரைத்து, ஆறினதும் கவரை அதில் அப்பப்போ ஊறவைக்கணும், அவ்வளவுதான்.

மாலதி பெரியம்மா: அக்னி நட்சத்திரத்தில் கம்பளியா தீபா!

தீபா (டொரன்டோ): அம்மா இங்கேயும் வெயில் காலம் உண்டு

பாலு சித்தப்பா: எங்க ஊர் வெயில் உண்டா

வசந்தா அத்தை: நல்ல சாமான்தான், ஆனால் பாப்பாவுக்குக் கன்னத்தில் கரப்பான் இருந்ததே. அந்தத் தோலுக்குக் கம்பளி நமைச்சல் கொடுக்கலாம். ஊருக்குப் போகிற நாளில் புதுசாகப் போட்டுப் பார்க்கக்கூடாது. கரப்பான் நம்ம பக்கம் யாருக்கும் இல்லை, எங்கிருந்து வந்ததோ.

மாலதி பெரியம்மா: எங்க பக்கமும் கிடையாது

சுமதி அண்ணி: பாலுவுக்குப் பள்ளிக்கூடம் சேர்க்கிற வரைக்கும் முழங்கை மடிப்பில் இருந்தது என்று ஆயா சொல்லுது

பாலு சித்தப்பா: வண்டி நேரம் யாராவது சொல்லுங்கள்

சேகர் மாமா (காலை 7:40): கவிதா, ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் லேமினேஷன் பிரிவில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன், பொறுமையாகப் படி. கடையில் கிடைக்கிற கவர் பெரும்பாலும் பாலியஸ்டர் துணி. அதன் ஒரு பக்கம் பாலியூரித்தேன் படலத்தைச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். பியூஎல் என்று எழுதியிருக்கும். தண்ணீரை விடாது, ஆவியைக் கொஞ்சம் விடும். கொஞ்சம்தான். அட்டையில் காற்றோட்டமானது என்று போட்டிருப்பதை நம்பி மூன்று மணி நேரம் விட்டுவிடாதே. சுத்த பிளாஸ்டிக் ஜட்டி மாதிரி வருகிறதே, அதைத் தொடவே தொடாதே.

சேகர் மாமா: அடுத்தது. அந்தப் படலம் தோலில் நேராகப் படக்கூடாது. உள்ளே துணியை அகலமாக மடி. ஆனால் துணி ஓரம் கவரை விட்டு ஒரு நூல் அளவுகூட வெளியே நீட்டக்கூடாது. நீட்டினால் ஈரம் அந்த வழியாக ஏறி, கவர் போட்டும் கவுன் நனையும். கட்டி முடித்ததும் தொடையைச் சுற்றி விரலை விட்டு ஓரத்தை உள்ளே தள்ளிக்கொண்டே வா. எலாஸ்டிக்குக்கு மேல் துணி மூடித் தைத்திருக்கணும், ரப்பர் தெரியக்கூடாது. இரண்டு வரிசை எலாஸ்டிக் வைத்தது கிடைத்தால் அதை எடு, கசிவு குறையும், ஒரே கோட்டில் அழுத்தாது. இடுப்பில் இரண்டு விரல் தாராளமாகப் போகணும்.

கவிதா: பட்டனா ஒட்டுகிறதா மாமா?

சேகர் மாமா: பட்டன். ஒட்டுகிற பட்டையின் முரட்டுப் பக்கம் கொஞ்சம் விலகினாலும் வயிற்றைக் கீறும். துவைக்கும்போது மற்ற துணியைப் பிடித்து நூல் இழுக்கும்.

பாலு சித்தப்பா: மச்சான் ஸ்கூல் வைத்துவிட்டார்

சேகர் மாமா: குழந்தை தோல் பாலு. இதில் சுருக்கமாகப் பேச ஒன்றுமில்லை. இன்னொன்று, கவரோடு சேர்த்து விற்கிற பேடு மைக்ரோஃபைபராக, அதாவது செயற்கை நுண்ணிழைத் துணியாக இருந்தால் நேரடியாகத் தோலில் வைக்காதே. ஈரத்தை இழுக்கிற வேகத்தில் தோலையும் வறட்டிவிடும். ஆயா சொன்ன பழைய வேட்டித் துணியை மேலே போடு. நம்ம ஊரில் அதைவிட மெத்தென்று எதுவும் இல்லை.

சுமதி அண்ணி: ஆயா: "சேகர் ஒருத்தனுக்குத்தான் புத்தி இருக்கு"

மாலதி பெரியம்மா: பாலு வரும்போது இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி வா. பிரியாணிக்குத் தொட்டுக்க. இங்கே கிடைக்கிறது காம்பிலே முள்ளே இல்லாமல் இருக்கு

பாலு சித்தப்பா: எத்தனை கிலோ. எத்தனை பேர்

வசந்தா அத்தை: கவிதா, கவர் எதுவாக இருந்தாலும் துவைக்கிறதில்தான் பாதி இருக்கு. நம்ம போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, ஆனால் துணியிலேயே தங்கிவிடும். காய்ந்த பிறகு மொடமொடவென்று நிற்கிறதே, அதே துணிதான் தொடையை உரசுது. காவிரித் தண்ணீர் வருகிற அன்று ரெண்டு குடம் எடுத்து வை. கடைசி அலசல் அதிலே. வாசனைக் கண்டிஷனர் ஊற்றவே கூடாது. வாசனையும் ஆகாது, துணியும் ஈரம் குடிக்காது.

கவிதா: அது அவங்க அம்மா ஆசையாக வாங்கிக் கொடுத்தது அத்தை. எப்படி வேணாம் என்பது

சுமதி அண்ணி: குழுவில் மாப்பிள்ளை இருக்கார்

அருண்: படித்துக்கொண்டுதான் இருக்கேன் அக்கா. அம்மாவிடம் நானே சொல்லிக்கிறேன்

மாலதி பெரியம்மா: போன தடவை பவுடர் டப்பாவும் கொடுத்தாங்களே

வசந்தா அத்தை: பவுடரும் வேணாம். மூச்சில் போகும். மாலதி, அதைத் தனியாகப் பேசிக்கலாம்

மாலதி பெரியம்மா: தொட்டில் போட்டதையும் எனக்குத் தனியாகத்தான் சொன்னீங்க, முதல் நாள் ராத்திரி

கவிதா: பெரியம்மா, அதனால்தான் இந்தத் தடவை முதலில் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். சரியா?

மாலதி பெரியம்மா: வா வா. பின் அறையில் ஏணை கட்டி வைக்கிறேன். ஃபேன் இருக்கு. வந்ததும் எல்லாத்தையும் அவிழ்த்துவிடு, பாப்பா வெறுமனே காலை உதைத்துக்கொண்டு கிடக்கட்டும்

வசந்தா அத்தை: இது சரியான பேச்சு. கவர் வண்டிக்கும் தெருவுக்கும் மட்டும். ரெண்டு மணி நேரத்துக்குள் பிரி. ஆய் போனால் அந்த நிமிஷமே. மூத்திரம் நேரமானால் அமோனியா ஆகும். அது மலத்தோடு சேர்ந்தால்தான் தோலை அரிக்கும். வெறும் தண்ணீரில் கழுவு, ஒற்றி எடு, தேய்க்காதே. கிரீம் போட்டால் மேலே ஒரு மெல்லிய துணி வை, இல்லையென்றால் கிரீம் பிடித்து மற்ற துணி ஈரம் உறிஞ்சாது.

சேகர் மாமா: கவரை வெந்நீரிலும் பிளீச்சிலும் போடாதே, படலம் உரிந்துவிடும். துணி மொட்டை மாடி வெயிலில் நன்றாகக் காயட்டும், கவர் மட்டும் நிழலில்.

தீபா (டொரன்டோ): மழைக்காலத்துக்கு ஒரு கம்பளி அனுப்புகிறேன் கவி. கையில் வைத்துத் தேய்த்துப் பார், ஒத்துக்கொண்டால் வைத்துக்கொள்

கவிதா: அனுப்பு அக்கா

பாலு சித்தப்பா: காலை 4 மணிக்கு வண்டி. தரணம்பேட்டையில் சிரசு புறப்பட்டுவிட்டால் தெருவுக்குள் நுழைய முடியாது. சேகர் மச்சான் காட்பாடியில் ரெடியாக நிற்கணும்

சேகர் மாமா: போன தடவை நீ நேரத்தை மாற்றிச் சொன்னாய்

பாலு சித்தப்பா: மெசேஜ் இருக்கு, காட்டவா

சுமதி அண்ணி: 4 மணிக்கு ஆயாவை எழுப்ப முடியாது. 5

மாலதி பெரியம்மா: கத்திரிக்காய் 3 கிலோ. வாணவேடிக்கை பார்த்துவிட்டுத்தான் கிளம்பணும் எல்லாரும்

கவிதா: வெடிச் சத்தத்தில் பாப்பாவை எப்படி வைப்பது பெரியம்மா. சாயங்காலமே கிளம்பிடுவோம்

மாலதி பெரியம்மா: அதை இங்கே வந்து பேசிக்கலாம்

அருண்: கவர் ரெண்டு ஆர்டர் போட்டுட்டேன். பட்டன் வைத்தது, இரட்டை எலாஸ்டிக்

சேகர் மாமா: ரெண்டு போதாது மாப்பிள்ளை. ஒன்று நனையும், ஒன்று காயும், ஒன்று கையில் இருக்கணும்

கவிதா: எந்த அளவு போட்டீங்க?

அருண்: ஒரே அளவுதான், பட்டனால் சுருக்கிக்கலாமாம்

கவிதா: தொடை ஒல்லியாக இருக்கிற பாப்பாவுக்கு அது நிற்குமா மாமா?

சேகர் மாமா: வந்ததும் போட்டுப் பார்த்து ஃபோட்டோ அனுப்பு. தொடைப் பக்கம் தெரிகிற மாதிரி.