கத்திரி வெயிலில் பைலட் பக்கத் திரை கறுத்துப்போகிறது: எங்கிருந்து தேடுவது?

வலையங்குளத்தான்:

அண்ணன்மாருக்கு வணக்கம். ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் டெக்னீஷியனாக இருக்கிறேன், லைசென்ஸ் இன்னும் வாங்கவில்லை. கிராஸ் கன்ட்ரி, அதாவது வேறு ஊருக்குப் பறக்கும் பயிற்சியில் வந்த எங்கள் சின்ன விமானம், செஸ்னா 172எஸ், மீட்டர்களுக்குப் பதில் இரண்டு திரை இருக்கும் ஜி1000 காக்பிட், மூன்று நாளாக மதுரை விமான நிலையத்திலேயே நிற்கிறது. எனக்கு ஊர் பக்கத்திலேயே என்பதால் இன்ஜினியரோடு என்னையும் அனுப்பிவிட்டார்கள்.

குறைகளை எழுதும் ஸ்னாக் புத்தகத்தில் ஒரே வரி: "டாக்ஸியில் பிஎஃப்டி கறுத்துவிட்டது." டாக்ஸி என்றால் தரையில் உருட்டிப் போவது; பிஎஃப்டி, அடிவானம், வேகம், உயரம் காட்டும் பைலட் பக்கத் திரை. காலை ஆறரைக்கு எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் அரை மணி நேரம் ஒரு குறையும் இல்லை. பதினொரு மணிக்கு, விமானம் நிறுத்தும் ஏப்ரன் தரையில் கால் வைக்க முடியாத நேரத்தில் ஓட்டினால், பன்னிரண்டாவது நிமிடம் வெளிச்சம் இறங்க ஆரம்பித்து அப்படியே கறுப்பு. மேப்பும் எஞ்சின் அளவுகளும் காட்டும் பக்கத்துத் திரை, எம்எஃப்டி, நன்றாக எரிகிறது. பிரேக்கர் எதுவும் வெளியே வரவில்லை. வோல்ட்டும் 28-ல் நிற்கிறது.

புதுத் திரைக்கு ஆர்டர் போடலாமா என்று ஆபீஸில் கேட்கிறார்கள். விலை ஒரு பக்கம் இருக்கட்டும். தப்பான பெட்டியை மாற்றிவிட்டு, அதே குறையோடு ஒரு மாணவன் கையில் விமானத்தைக் கொடுத்துவிடுவோமோ என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கிருந்து தொடங்கட்டும்?

தென்காற்று:

நான் பைலட் பக்கம். திரை போனதும் ஆடியோ பேனலில் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்தினார்களா? அழுத்தினால் பைலட் பார்க்க வேண்டிய எல்லாம், எஞ்சின் அளவுகளோடு சேர்ந்து, எம்எஃப்டியிலேயே வந்துவிடும். வானத்தில் என்றால் அதுவும், கீழே இருக்கும் ஸ்டாண்ட்பை மீட்டர்களும், காம்பஸும் போதும், பத்திரமாக இறங்கலாம். தரையில் தெரிந்துவிட்ட குறையோடு கிளம்புவது மட்டும் வேண்டாம். "காலையில் நன்றாக இருக்கிறதே, வெயிலுக்கு முன்னால் எடுத்துப் போய்விடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

திருமங்கலம் பழைய கை:

தம்பி, ஆர்டரை நிறுத்தி வை. முதலில் ஒரு கேள்வி. திரை கறுத்ததும் இரண்டு கையையும் குவித்துக் கண்ணாடியில் வைத்து உள்ளே பார்த்தாயா? அணைந்து போவது வேறு, மங்கிப் போவது வேறு. மதுரை வெயிலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சிவப்புப் பெருக்கல் குறி வந்தால் திரை நன்றாக இருக்கிறது, அதற்குத் தகவல் கொடுக்கிற பெட்டி ஏதோ பேசவில்லை என்று அர்த்தம். முழுக்க அணைந்தால் கரன்ட், கனெக்டர், இல்லையென்றால் திரை. இந்தத் திரைக்கு அவ்வளவு சீக்கிரம் கரன்ட் நின்றுபோகாது, எசென்ஷியல் பஸ், ஏவியானிக்ஸ் பஸ் 1 என்று இரண்டு மின்பாதை வழியாக வருகிறது. படிப்படியாக மங்கினால் சூடு. சூடு ஏறினால் திரை தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது குளிர்ச்சி போதவில்லை என்று அலர்ட்டும் போடும். கறுத்த திரையில் அதைப் படிக்க முடியாது. மேலே தென்காற்று சொன்ன சிவப்பு பட்டனை அழுத்திவிட்டு எம்எஃப்டியில் அலர்ட்ஸைத் திறந்து பார்.

அப்புறம் ஃபேன். இரண்டு திரைக்கும் பின்னால் ஆளுக்கொன்று, பேனலுக்கு முன்னால் பொதுவாக ஒன்று, வாலில் ஒன்று, மொத்தம் நாலு. மாஸ்டர் சுவிட்சோடு ஏவியானிக்ஸ் பஸ் சுவிட்ச் இரண்டையும் போட்டால்தான் ஓடும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு "ஃபேன் செத்துவிட்டது" என்று எழுதிவிடாதே. அதேபோல உர்ரென்று சத்தம் கேட்கிறதே என்றும் நம்பிவிடாதே, அது பக்கத்து ஃபேனாக இருக்கும். கழற்றிக் கண்ணால் பார்.

வலையங்குளத்தான்:

அண்ணே, இன்று பதினொன்றரைக்கு நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். கையைக் குவித்து முகத்தை ஒட்டினால், உள்ளே நீலமும் பழுப்புமாக மெல்லிய கோடு. அடிவானம் அப்படியே நிற்கிறது! திரை சாகவே இல்லை. சிவப்பு பட்டனை அழுத்தியதும் எம்எஃப்டியில் அலர்ட்: பிஎஃப்டிக்குக் குளிர்ச்சி போதவில்லை, மின்செலவைக் குறைக்கிறேன் என்று.

எஞ்சினை நிறுத்தி எல்லா சுவிட்சையும் அணைத்தபின், இன்ஜினியர் முன்னிலையில் 3/32 ஆலன் கீயால் நாலு மூலையையும் கால் திருகு திருப்பித் திரையை வெளியே எடுத்தோம். டார்ச் அடித்தால் காரணம் எதிரிலேயே இருக்கிறது. வயர்க் கட்டின் ஒரு முடிச்சு தளர்ந்து, ஒரு வெள்ளை வயர் ஃபேன் மேல் சாய்ந்து கிடக்கிறது. அதன் உறையில் நகத்தால் கீறியதுபோல வரிசையாகக் கறுப்புத் தழும்புகள், ஃபேன் இறக்கை உரசி உரசி வந்தவை. வயரை ஒதுக்கிவிட்டு விரலால் சுற்றினாலும் ஃபேன் கால் சுற்றுக்கு மேல் போகவில்லை. எவ்வளவு நாள் திணறியதோ. குளிர்ந்த காலையில் திரை சமாளித்திருக்கிறது, வெயிலில் முடியவில்லை.

திருமங்கலம் பழைய கை:

நல்லது. அந்தத் தழும்பை லென்ஸ் வைத்துப் பார். உள்ளே செம்பு தெரிகிறதா என்பதை இன்ஜினியர் முடிவு பண்ணட்டும், டேப் சுற்றிவிட்டு வராதே. எம்எஃப்டி பின்னாலும் ஒரு தடவை பார்த்துவிடு, இரண்டையும் கட்டியது ஒரே கையாக இருக்கலாம்.

வலையங்குளத்தான்:

பார்த்தோம் அண்ணே. அங்கே முடிச்சு இறுக்கமாகவே இருக்கிறது, ஃபேனும் தாராளமாகச் சுற்றுகிறது. வெள்ளை வயரில் செம்பு தெரியவில்லை, மேலுறையோடு போயிற்று. மேனுவலில் உள்ளபடி சரிசெய்து, ஃபேனுக்கு எட்டாத தூரத்தில் கட்டிவிட்டோம்.

புது ஃபேன் சான்றிதழ் டேக்கோடு இன்று விடிகாலை பஸ்ஸில் மாட்டுத்தாவணிக்கு வந்தது, நானே போய் வாங்கி வந்தேன். மாட்டிவிட்டு வேண்டுமென்றே பன்னிரண்டு மணி வெயிலுக்குக் காத்திருந்து நாற்பது நிமிடம் ஓட்டினோம். வெளிச்சம் இறங்கவில்லை, அலர்ட் வரவில்லை. இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார். மூன்றே காலுக்கு விமானம் கிளம்பிப் போய்விட்டது. புதுத் திரை ஆர்டரை ஆபீஸில் ரத்து செய்துவிட்டார்கள்.