பெரியம்மாவின் சைகைகளை வீடியோ எடுக்க உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். என் பெரியம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவர். என்னைக் கூப்பிட, கன்னத்தில் விரலால் குத்திக் காட்டுவார். எனக்கு அங்கே குழி விழும். அதுதான் அவர் வைத்த பெயர்.

2021இல் வந்த இந்திய சைகை மொழி அகராதியில் 10,000 சொற்கள். நல்ல வேலை. ஆனால் விடுதித் தோழிகளுக்குள் புழங்கிய சைகைகளும் இருக்கின்றனவே! தோழிகளில் இருவர் போய்விட்டார்கள். மற்றவர்கள் அடுத்த மாதம் எங்கள் வீட்டில் கூடுகிறார்கள்.

சைகையின் இலக்கணம் முகத்திலும் இருக்கிறது. முகம், கை இரண்டும் தெளிவாக விழ இரண்டு போன் போதுமா? அப்புறம், கேள்வி கேட்பவரும் காது கேளாதவராக இருந்தால்தான் பெரியம்மா மனம்விட்டுப் பேசுவார். நெல்லைப் பக்கம் யாராவது வர முடியுமா?