பிராக் தமிழ்க் குடும்பங்கள்: நவம்பர் 16, இரவு

கவிதா: நாளைக்கு 17, லீவு. கடையெல்லாம் மூடியிருக்குமாமே? வளைகாப்புக்குப் பால், தயிர் எதுவும் வாங்கவில்லை

ரேவதி: எனக்கும் அந்த ஃபார்வர்டு வந்தது

செந்தில்: நம்பாதீர்கள். பெரிய கடைகளை மூடச் சொல்லும் சட்டம் அக்டோபர் 28 மாதிரி சில நாட்களுக்குத்தான். நவம்பர் 17 அதில் இல்லை

பிரபு: அப்பாடா

ரேவதி: கவிதா, வரும்போது என் பொங்கல் அண்டாவையும் எடுத்து வா

கவிதா: அது சுதா வீட்டில் இருக்கிறது அக்கா, எத்தனை தடவை சொல்வது

சுதா: என்னிடம் மூடி மட்டும்தான்!!

பிரபு: நாரோத்னி தெரு வழியாக வரலாமா?

செந்தில்: வேண்டாம் தம்பி. தெருவை மூடிவிடுவார்கள், டிராம் சுற்றிப் போகும். 1989-இல் மாணவர் ஊர்வலத்தைப் போலீஸ் மறித்து அடித்தது அங்கேதான். அல்பெர்டோவ் பல்கலைக்கழக வளாகத்தில் கிளம்பி, விஷெஹ்ராட் கோட்டைக்குப் போய், நகருக்குள் வந்த கூட்டம். நாஜிகள் 1939-இல் இதே தேதியில் பல்கலைக்கழகங்களை மூடி, மாணவர் தலைவர்கள் 9 பேரைக் கொன்றார்கள். அதன் 50-ஆம் ஆண்டு நினைவு ஊர்வலம் அது. அடியில் ஒரு மாணவன் செத்துவிட்டான் என்று புரளி கிளம்பியது. யாரும் சாகவில்லை. ஆனால் அடி நிஜம். ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தது. அதை எதிர்த்த எழுத்தாளர் ஹாவெல் டிசம்பர் 29-இல் ஜனாதிபதி ஆனார்

ரேவதி: சரி, அண்டா?

கவிதா: எங்கள் மாடி வீட்டு அம்மா அந்த ஊர்வலத்தில் போனவர். முதுகில் தடியடி வாங்கியவர். நாளைக் காலை 10 மணிக்கு மெழுகுவத்தி ஏற்றப் போகிறார். யாழினியையும் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டார்

சுதா: வளைகாப்பு அன்றைக்கா? அந்தக் கூட்டத்திலா?

செந்தில்: அனுப்பு கவிதா. அடி வாங்கியவரே கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறார், வேறென்ன வேண்டும்? நாரோத்னி தெருவில் அடி விழுந்த நடைவழிச் சுவரில் நினைவுச் சின்னமாக வெண்கலக் கைகள் இருக்கும். கீழே மெழுகு உருகி ஷூவில் ஒட்டும், பழைய ஷூ போட்டுவிடு. கையில் சாவிக்கொத்து கொடு. அப்போது சாவியைக் குலுக்கித்தான் ஆட்சியைக் கிளம்பச் சொன்னார்கள்

பிரபு: நானும் போகிறேன். வளைகாப்பை 3 மணிக்கு வைத்தால் என்ன?

ரேவதி: 11 மணிக்கு என்று நல்ல நேரம் பார்த்தாயிற்று

திவ்யா: எனக்கும் போகணும் அக்கா

ரேவதி: நீ சும்மா இரு

செந்தில்: சாயங்காலம் எல்லோருமே போகலாமே?

சுதா: அவரைக் கேட்டுச் சொல்கிறேன்

ரேவதி: முதலில் வளையல் போடுவோம். அப்புறம் பேசலாம்